செங்கல் முகம், ஓக் மர உடம்பு

[காட்சி: லூயிஸ் ஊர். வீட்டு முகப்பை நோக்கி கேமரா மெதுவா நகருது]

இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ்ல இருக்கிற லூயிஸ் ஊர். இந்த முகப்பைப் பார்த்தா செங்கல் சுவர்னுதான் சொல்வீங்க. மூலைக்கு வாங்க. செங்கல் சுவர்னா கற்கள் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டுத் திரும்பும். இங்கே ஒரு மரப்பட்டை அந்த இடத்தை மறைச்சு நிக்குது. ஏன்னா இது செங்கலே இல்லை, உள்ளே இருக்கிற ஓக் மரவீட்டு மேல பதிச்ச ஓடு.

[காட்சி: ஒற்றை ஓடு, கையில்]

பேரு மேத்தமேட்டிகல் டைல். இதோட மேல்பாதியை மரச்சட்டத்துல ஆணியடிப்பாங்க, மேல் வரிசை ஓடு அதை மூடிடும். தடிச்ச கீழ்ப்பாதி மட்டும் வெளியே தெரியும். இடுக்குல சுண்ணாம்புக் கலவை பூசினா, அச்சு அசல் செங்கல்! செங்கல் வரிக்குப் பயந்து செஞ்சதுன்னு ஒரு பேச்சு உண்டு. ஆனா 1784-ல வந்த வரி ஓட்டுக்கும் சேர்த்துத்தான். அதுக்கு முன்னாடியே இந்த ஓடு புழக்கத்துல இருந்துச்சு.

உண்மையான காரணம் மோஸ்தர். 1666 தீவிபத்துக்குப் பிறகு, லண்டன்ல வெளிச்சுவர் செங்கல்லயோ கல்லுலயோதான் இருக்கணும்னு சட்டம் வந்துச்சு. 18-ம் நூற்றாண்டுல மரவீடுன்னா பழைய காலத்து வீடுன்னு ஆயிடுச்சு. இடிச்சுக் கட்டக் காசில்லாதவங்க முகத்தை மட்டும் மாத்தினாங்க. துருத்தி நின்ன மாடிக்குக் கீழே புதுச் சுவர் எழுப்பி, தெருப்பக்கத்தை நேராக்கினவங்களும் உண்டு. கம்பளி வியாபாரம் படுத்துப்போன சஃபோக் பகுதி லாவன்ஹம் ஊர்ல அதுக்கும் வசதியில்லை. அதனாலதான் அங்கே பழைய மரமுகங்கள் இன்னைக்கும் நிக்குது.

[காட்சி: பரண், டார்ச் வெளிச்சம்]

எனக்குப் பிடிச்ச இடம் பரண்தான். நாக்கு மாதிரி செதுக்கின முனையைத் துளையில சொருகி, ஓக் முளை அடிச்சிருக்காங்க. பக்கத்துல உளியால கீறின ரோமன் எண்கள். வீட்டோட மரச்சட்டத்தைத் தச்சர் பட்டறையில கோத்துப் பார்த்து, பிரிச்சு, இங்கே கொண்டுவந்து நிறுத்தினாங்க. எந்த மரம் எங்கேங்கிறதுக்கு அந்த எண்தான் அடையாளம். சில வீடுகள்ல உத்தரம் கரியேறிக் கிடக்கும். அது புகைபோக்கி வர்றதுக்கு முந்தி, கூடத்து நடுவுல எரிஞ்ச அடுப்போட புகை.

[காட்சி: சுவரின் அடிக்கட்டை]

ஓட்டு முகப்பு மரத்தைப் பெருசா கெடுக்கலை. கெடுத்தது 20-ம் நூற்றாண்டு சிமெண்ட் பூச்சு. விரிசல் வழியா இறங்கின தண்ணி வெளியே வர வழியில்லாம உள்ளேயே நிக்கும். பூச்சைத் தட்டி எடுத்தா, பல நூறு வருஷம் தாங்கின ஓக் கட்டை விரல்பட்டாலே பொடியாகும். அப்போ உளுத்த துண்டை மட்டும் வெட்டி, புது ஓக் ஒட்டுப்போட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசணும். ஓட்டு முகப்பைப் பிடுங்கணும்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்லை. அதுவும் 200 வருஷத்துக்கு மேல வயசான கைவேலைதான்.