ஜிகர்தண்டா கடல்பாசியை லேபுக்குள்ள கொண்டுபோன அம்மா: ஃபேனி ஹெஸ்ஸே

வணக்கம் மக்களே! மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா வாங்கி, ஸ்பூனை அடி வரைக்கும் விட்டுக் கிளறுங்க. வழுவழுன்னு ஒண்ணு ஏறி வரும். உப்பி, உருவமே இல்லாம நொளுநொளுன்னு இருந்தா அது பாதாம் பிசின். கத்தி பட்ட ஓரம் தெளிவா தெரிஞ்சா அது கடல்பாசி, அதாவது அகர். டாக்டர் ‘யூரின் கல்ச்சர்’னு (சிறுநீர்ல கிருமி இருக்கான்னு வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) எழுதிக் கொடுத்தா, உங்க சாம்பிளைத் தடவுற தட்டுக்குள்ள உறைஞ்சு இருக்கிறதும் இதே அகர்தான்!

லேபுக்குள்ள அதைக் கொண்டுவந்தவங்க ஃபேனி ஹெஸ்ஸே. 1850-ல அமெரிக்காவுல டச்சு வம்சாவளிக் குடும்பத்துல பொறந்தவங்க. 1874-ல ஜெர்மன் டாக்டர் வால்தர் ஹெஸ்ஸேவைக் கல்யாணம் பண்ணாங்க. 1881-ல வால்தர் பெர்லின்ல, கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கோட லேபுக்குப் போனார். ஃபேனி சம்பளம் இல்லாம லேப் வேலை பார்த்தாங்க, கட்டுரைகளுக்குப் படமும் வரைஞ்சாங்க.

அங்க என்ன சிக்கல்? கிருமியைத் தனித்தனியா வளர்க்கக் கெட்டியான ஒரு பரப்பு வேணும். ஜெலட்டின் ஊத்திப் பார்த்தாங்க. ஆனா மனுஷ உடம்புக் கிருமி நல்லா வளர 37 டிகிரி வேணும். ஜெலட்டின் 30-ஐத் தொடுறதுக்குள்ளயே இளகிடும். போதாக்குறைக்கு, சில கிருமிகள் ஜெலட்டினையே தின்னு தண்ணியாக்கிடும். மொத்த வேலையும் பாழ். வெயில்ல வெறுத்துப்போன வால்தர், ‘நீ செய்யுற ஜெல்லி மட்டும் எப்படி இளகாம நிக்குது?’ன்னு கேட்டார். ஃபேனி சொன்ன பதில்: அகர். நியூயார்க்ல, ஜாவாவுல இருந்து வந்த டச்சுக்காரங்க பக்கத்து வீட்ல இருந்தாங்க; அவங்ககிட்ட கத்துக்கிட்டது.

இப்போ பாருங்க, அகரோட அருமை இங்கதான்! அது உறையுறது 40 டிகிரிக்குக் கீழ. ஆனா ஒரு தடவை உறைஞ்சிட்டா, திரும்ப இளக 85-ஐத் தாண்டணும். உறையுற சூடு வேற, இளகுற சூடு வேற. நெய்யும் தேங்காய் எண்ணெயும் இப்படிப் பிடிவாதமா நிக்காது. சித்திரை வெயில்ல மதுரை 40 டிகிரி அடிச்சாலும் அகர் துண்டு அசையாது. பெரும்பாலான கிருமிகளால அதைச் செரிக்கவும் முடியாது.

லேபுல எப்படிச் செய்யறாங்க? ஒரு லிட்டர் தண்ணிக்கு பெப்டோன் (கிருமிக்குத் தீனியாகிற புரதத் தூள்) 5 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 3, உப்பு 5, அகர் 15. ஆட்டோகிளேவ்ல (குக்கர் மாதிரி நீராவி அழுத்தத்துல கிருமியைக் கொல்ற கருவி) 121 டிகிரில 15 நிமிஷம். 45-50 டிகிரிக்கு ஆறினதும் தட்டுக்கு 15-20 மில்லி. ரொம்பச் சூடா ஊத்தினா மூடியில வேர்த்து நீர் சொட்டி, தனித்தனியா வளர வேண்டிய கிருமிப் புள்ளிகள் ஒண்ணாக் கலந்திடும். ரொம்ப ஆறவிட்டா திட்டுத்திட்டா கட்டும். தட்டைக் கவுத்து வைக்கறதும் அந்த நீர் சொட்டக் கூடாதுன்னுதான்.

வீட்டுல செய்யறதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். லிட்டர் பாலுக்கு 10 கிராம் கடல்பாசி. ஊறவச்சு, கொஞ்சம் தண்ணியில ஒரு நூல் கூட மிதக்காம காய்ச்சி, சூடான பாலோட சேருங்க. பச்சைப் பால்ல கொட்டினா அங்கங்க நார் நாராத் திரியும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொதிக்கவிட்டா சரியா உறையாது. புளிப்பும் சூடும் சேர்ந்தா அகர் உடைஞ்சிடும். அடுப்பை அணைச்சப்புறம் பிழியுங்க.

1882-ல வந்த காசநோய்க் கிருமிக் கட்டுரையில கோக் அகரைப் போகிறபோக்குல குறிப்பிட்டார். ஹெஸ்ஸேங்கிற பேரே அதுல இல்ல. 1887-ல ஜூலியஸ் பெட்ரி மூடியோட தட்டைப் பத்தி எழுதினார். இன்னைக்கு அது ‘பெட்ரி டிஷ்’. தட்டுக்குப் பேர் இருக்கு, தட்டுக்குள்ள இருக்கிறதுக்கு இல்ல! 1934-ல ஃபேனி இறந்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதை ‘ஹெஸ்ஸே அம்மா ஊடகம்’னு கூப்பிடணும்னு கேட்டாங்க. அந்தப் பேரு நிக்கல. என்னைக் கேட்டா, நம்ம காலேஜ் லேபுகள்ல அந்தப் பேரை இன்னைக்கே எழுதி ஒட்டலாம்.

இன்னொண்ணு. அகர் ஃபேக்டரிகள் நம்ம மதுரைச் சுத்துவட்டாரத்துலயே இருக்கு. அங்க வர்ற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் மன்னார் வளைகுடாவுல, ராமேஸ்வரம் பக்கம், பெண்கள் மூச்சடக்கி முங்கிப் பறிக்கிறது. பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணி சுத்திக்கிட்டுத்தான் இறங்குறாங்க. உங்க வீட்ல யாராவது பாசி எடுக்கப் போறவங்களா? நீரோட்டம் எப்போ சரியா இருக்கும், எந்தப் பாசியை எப்படிப் பறிக்கணும்னு அவங்ககிட்ட கேட்டு கமெண்ட்ல எழுதுங்க.