கொல்லிமலை இறங்கும்போது பொசுங்குன வாசம்: கிளட்ச் இல்லீங்க, காலிப்பர் பின்

வணக்கம்ங்க. பக்கத்து வீட்ல மாவு கிரைண்டர் ஓடுது, சத்தத்த கொஞ்சம் பொறுத்துக்கங்க. நம்ம வீட்டு வாசல்தான் இது. வண்டியோட இடது முன்சக்கரத்த கழட்டி வச்சிருக்கேன் பாருங்க. ஏன்னு சொல்றேன்.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவ கூட்டிட்டு கொல்லிமலை போயிருந்தேன். அறப்பளீஸ்வரர் கோயில் பாத்தாச்சு, சோளக்காட்டுல அன்னாசிப்பழம் வாங்கியாச்சு, இறங்குறோம். 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை வந்திருப்போம், அம்மா மூக்க சுருக்கிட்டு, "ஏங்கண்ணு, என்னமோ பொசுங்குதே"ன்னாங்க. முன்னாடி போற லாரியோட பிரேக்குன்னு சொல்லி கண்ணாடிய ஏத்தி விட்டேன். லாரி ஒதுங்கி வழி விட்டுச்சு, தாண்டியும் வந்தாச்சு. வாசம் மட்டும் கூடவே வருது.

ஒரு ஒதுக்கமான எடத்துல நிறுத்தினேன். மொதல்ல பானெட்ட தூக்கி மோந்து பாத்தேன். அங்க ஒண்ணுமில்ல. இது முக்கியம்ங்க. டேப்பட் கவர், அதாவது எஞ்சின் மேல் மூடியோட பேக்கிங் கசிஞ்சு சைலன்சர் சூட்டுல ஆயில் சொட்டுச்சுன்னா, வடைச்சட்டி எண்ணெய் அடுப்புல வழிஞ்ச மாதிரி முன்னாடியே வாசம் தூக்கும். கூலன்ட் ஒழுகுனா தித்திப்பா, பாகு காய்ச்சுற மாதிரி இருக்கும். அப்ப ரேடியேட்டர் மூடில கைய வச்சிராதீங்க, மூஞ்சில அடிச்சிரும்.

அப்பறம் நாலு சக்கரத்தையும் ஒரு சுத்து சுத்தி வந்தேன். தொடல. ஒரு சாண் தள்ளி பொறங்கைய காட்டினேன், அவ்வளவுதான். மலை இறங்குனா எல்லா சக்கரமும் சுடத்தான் செய்யும். ஆனா இந்த இடது முன்சக்கரம், தோசைக்கல்லு பக்கத்துல கைய கொண்டு போன மாதிரி. லேசா புகை வேற. அம்மா தண்ணி பாட்டில தூக்கிட்டு வந்துட்டாங்க, ஊத்துறதுக்கு. வேண்டாம்னு புடுங்கிட்டேன். அந்த சூட்டுல பச்சத்தண்ணிய ஊத்துனா டிஸ்க், அதான் சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டு, வளைஞ்சிரும், வெடிச்சாலும் வெடிக்கும். அன்னாசிப்பழத்த நறுக்கி தின்னுக்கிட்டு முக்கா மணி நேரம் உக்காந்திருந்தோம்.

அங்கிருந்து செகண்ட் கியர்லயே, பிரேக்க விட்டு விட்டு மிதிச்சு இறங்கினேன். நியூட்ரல்ல போட்டு மலை இறங்கறவங்க யாராச்சும் பாத்துட்டிருந்தீங்கன்னா, தயவு செஞ்சு வேண்டாம். பெட்ரோல் மிச்சம்னு யாரோ கெளப்பி விட்ட கதை அது. இப்ப வர்ற வண்டியெல்லாம் கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்ல கால எடுத்தா பெட்ரோலையே நிறுத்திரும்.

காரவல்லி வந்தாச்சு, சமதளம். அங்கயும் வாசம் விடல. அப்பதான் எனக்கு உறைச்சுது. மலையில பிரேக் சூடாகறது இயற்கை. பிரேக்கே மிதிக்காத நேர் ரோட்டுல ஒரு சக்கரம் மட்டும் சூடானா, அது உடாம புடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஓட்டிக்கூட பாக்கல, "கிளட்ச் பிளேட் போச்சுங்க, மாத்திரலாம்"னுட்டாங்க. கிளட்ச் வாசம்னா முடி பொசுங்குற மாதிரி காரமா இருக்கும், ஏத்தத்துல அரை கிளட்ச்ல நிக்கும்போதுதான் அதிகமா வரும். சந்தேகம்னா காலி ரோட்டுல நாலாவது கியர்ல மெதுவா போயி, ஒரே அமுக்கா ஆக்சிலேட்டர அமுக்குங்க. எஞ்சின் கத்துது, வேகம் ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. என் வண்டி ஒழுங்கா இழுத்துச்சு. திரும்பி வந்துட்டேன்.

இப்ப இங்க பாருங்க. பின்சக்கரத்துக்கு கல்லு, ஜாக்கியோட சேத்து ஸ்டேண்டும் குடுத்திருக்கேன். ஜாக்கிய மட்டும் நம்பி வேலை பாக்காதீங்க. கழட்டுறதுக்கு முன்ன ரெண்டு முன்சக்கரத்தையும் கையால சுத்திப் பாத்தேன். வலது பக்கம் சுத்துது, இது நகர மாட்டேங்குது. காலிப்பர, அதான் டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கிற பாகத்த, கம்பில கட்டித் தொங்க விட்டிருக்கேன், பிரேக் ஆயில் ஓஸ்ல தொங்க விட்டா ஓஸ் போயிரும்.

டிஸ்க்ல உரசி வண்டிய நிறுத்துற பிரேக் பேட ரெண்டையும் பாருங்க. பிஸ்டன் பக்கத்து பேடு தகடு மாதிரி தேஞ்சிருக்கு, வெளிப்பக்கம் பாதிகூட தேயல. இப்படி ஒரு பக்கமா தேஞ்சா பெரும்பாலும் காலிப்பர் பின்னுதான் காரணம். காலிப்பர் ரெண்டு பின்னுல வழுக்கி வரணும், மேல் பின் வருது... கீழ் பின்... இருங்க... ம்ஹூம். இந்தா வந்திருச்சு. துருவ பாத்தீங்களா? பின்ன மூடியிருக்கிற இந்த ரப்பர் பூட் கிழிஞ்சு மழைத்தண்ணி உள்ள போயிருக்கு. இத்துனூண்டு ரப்பருக்காக ஒரு கிளட்ச் செட்டே மாத்தியிருப்பேன்.

உப்புத்தாள் போட்டு தேச்சு, துடைச்சு, காலிப்பருக்குன்னு விக்கிற சிலிக்கான் கிரீஸ் தடவுறேன். வீட்ல கெடக்குற சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப் போயி மறுபடியும் பின் இறுகிரும். புது பூட். பேடு ரெண்டு சக்கரத்துக்கும் சேத்துதான் மாத்துறேன், ஒரு பக்கம் மட்டும் மாத்துனா வண்டி இழுக்கும். பிஸ்டன கிளாம்ப் வச்சு உள்ள தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழியாம ஒரு கண்ணு அங்க இருக்கட்டும், பெயின்ட் மேல பட்டா தின்னுரும்.

அந்த ஆயிலையும் மாத்திரப் போறேன். டாட் 4ங்கிற தரத்து பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரத்த உறிஞ்ச உறிஞ்ச அது 155 கிட்ட எறங்கிரும். கொதிச்சா உள்ள குமிழி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. அன்னிக்கு கொல்லிமலைல அது நடந்திருந்தாலும் நடந்திருக்கும், தப்பிச்சோம்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பிளாஸ்டிக் உருகுற, ஒயர் கருகுற வாசம் வந்தா இந்த மாதிரி மோந்துக்கிட்டு நிக்காதீங்க. ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி, எல்லாரும் எறங்கிருங்க. பானெட்லருந்து புகை வந்தா தூக்கவே தூக்காதீங்க, காத்து பட்டா குப்புனு புடிச்சுக்கும்.

...சரி, ஓட்டிட்டு வந்துட்டேன். கெளம்பறதுக்கு முன்ன பெடல நாலஞ்சு தடவ அமுக்கி கெட்டியாக்கிட்டுதான் எடுத்தேன், இல்லன்னா மொத பிரேக்கே புடிக்காது. பத்து கிலோமீட்டர், ரெண்டு முன்சக்கரமும் ஒரே சூடு. புது பேடுல லேசா ஒரு வாசம் இருக்கு, ரெண்டு நாள்ல போயிரும். அம்மாதான் நம்பல, கூட வந்தவங்க வழி நெடுக மூக்க சுருக்கிக்கிட்டே இருந்தாங்க. வலது பக்கத்து பின்னையும் கழட்டிப் பாக்கணும், வெயில் ஏறுது. வர்றேன்ங்க.