பெயிண்ட் வேலை முடிஞ்ச அன்னைக்கு வர்ற சண்டை: சதுர அடி கணக்கும் சுவத்துக்குள்ள மறைஞ்ச வேலையும்

(திரையில்: ஒரு துண்டு பேப்பர், பேனாவால எழுதின கணக்கு)

எல்லாருக்கும் வணக்கம். இந்த பேப்பர கொஞ்சம் பாருங்க. உள்பக்கம் 3,500 சதுர அடி, ஒரு அடிக்கு 24 ரூபா, 84,000. கீழ கதவு 6, 252 சதுர அடின்னு தனியா ஒரு வரி. போன வருஷம் எங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிச்ச கான்ட்ராக்டர் கடைசி நாள் சாயங்காலம் என் கையில குடுத்தது இதுதான். வீடு 1,000 சதுர அடி. 3,500 எப்படிண்ணே வந்துச்சுன்னு கேட்டேன், தரை ஏரியாவ மூன்றரையால பெருக்குறதுதான் தம்பி, எல்லாரும் அப்படித்தான் போடுறோம்னு சொன்னாரு. மறுநாள் நானும் என் வீட்டம்மாவும் டேப்ப பிடிச்சு ரூம் ரூமா அளந்தோம், 2,870தான் வருது. 630 சதுர அடி வித்தியாசம், ரூபாயில 15,120.

இத சொன்ன கையோட இன்னொன்னையும் சொல்லிடுறேன். எங்க அப்பா பெயிண்டர். 30 வருஷம் சாரத்துல நின்னு வேல பாத்தவரு. வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் வீட்டுக்காரர் "அந்த மூலையில சரியா இல்ல, இந்த ஜன்னல்ல பிசிறு அடிக்குது"ன்னு சொல்லி பாக்கிய நிறுத்திட்டா, அப்பா ஒரு வாரம் நடந்து நடந்து பாத்துட்டு விட்டுட்டு வந்துருவாரு, அந்த மாசம் எங்க வீட்டுல எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். அதனால நான் பேசுறது பெயிண்டர திட்டுறதுக்கு இல்ல. ரெண்டு பக்கமும் நின்னு பாத்தவன்ங்கிறதால சொல்றேன், பாதிக்கு மேல சண்டை வர்றது யாரும் ஏமாத்துறதால இல்ல, முதல் நாள் சேந்து அளக்காததாலயும் நடுவுல சுவத்த பாக்காததாலயும்தான் வருது.

முதல்ல இந்த மூன்றரை கணக்கு.

(திரையில்: மூணு ரூம், மேல இருந்து பாத்த மாதிரி படம்)

10க்கு 10 ரூம் ஒண்ணு எடுத்துக்கோங்க, உயரம் 10 அடி. நாலு சுவரும் சேத்து 400, மேல சீலிங் 100, மொத்தம் 500 சதுர அடி. தரை 100தான், அப்ப அஞ்சு மடங்கு வருது. அதே உயரத்துல 12க்கு 15 ரூம்னா சுவர் 540, சீலிங் 180, ஆக 720. தரை 180, நாலு மடங்கு. 20க்கு 20 ஹால்னா சுவர் 800, சீலிங் 400, மொத்தம் 1,200, தரை 400, மூணு மடங்குதான். பாத்தீங்களா, ரூம் பெருசாக பெருசாக மடங்கு இறங்கிட்டே வருது. இதுல மூன்றரைங்கிறது எல்லா வீட்டுக்கும் எப்படி பொருந்தும்?

எங்க வீட்டுல ஹாலும் டைனிங்கும் ஒண்ணா திறந்து கிடக்கு, நடுவுல சுவர் இல்ல, கிச்சன்ல பாதி சுவர் டைல்ஸ், பாத்ரூம்ல 7 அடி வரைக்கும் டைல்ஸ், ரெண்டு பெட்ரூம்லயும் சுவர் முழுக்க கப்போர்டு, அதான் கம்மியா வந்துச்சு. ஆனா அப்பா ஒரு தடவ சின்ன சின்ன ரூமா இருக்குற லைன் வீடு எடுத்தாரு, இதே மூன்றரைல பேசிட்டாரு, நிஜத்துல நாலரைக்கு மேல வந்துச்சு, அவருக்கு நஷ்டம், பேசினது பேசினதுதான்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. ஆக இந்த குத்துமதிப்பு ஒரு தடவ வீட்டுக்காரர அடிக்கும், ஒரு தடவ பெயிண்டர அடிக்கும். மூன்றரைங்கிறது எஸ்டிமேட் போட்டு சும்மா ஒரு அளவு தெரிஞ்சுக்க மட்டும்தான். பில்லு போட டேப்புதான் வேணும்.

அளந்தாலும் சண்டை வரும், ஏன்னா கதவு ஜன்னல கழிக்கணுமா வேணாமான்னு ஒரு கேள்வி இருக்கு. வீட்டுக்காரர் உள்ளயும் கழி வெளியவும் கழின்னு நிப்பாரு, கான்ட்ராக்டர் எதையுமே கழிக்க மாட்டாரு. இதுக்கு ஒரு பொது அளவுகோல் இருக்குங்க, ஐஎஸ் 1200னு இந்திய தர நிர்ணய அமைவனம் போட்டது, அதுல 13-வது பாகம் சுவர் பெயிண்டிங்க எப்படி அளக்கணும்னு சொல்லுது. அரை சதுர மீட்டருக்கு, அதாவது சுமாரா அஞ்சரை சதுர அடிக்கு உள்ள இருக்குற ஓட்டைய கழிக்கவே வேணாம். அதுக்கு மேல 3 சதுர மீட்டர் வரைக்கும், அதாவது 32 சதுர அடி வரைக்கும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் அடிக்கிறாருன்னா ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும். ஏன்னா கதவு ஜன்னல சுத்தி சுவத்தோட கனம் இருக்குல்ல, அந்த பக்கவாட்டுக்கும் மேல கீழ இருக்குறதுக்கும் அவரு பிரஷ் போட்டுத்தான் ஆகணும், அதுக்கு ஈடு. 3க்கு 7 கதவு 21 சதுர அடி, 4க்கு 4 ஜன்னல் 16 சதுர அடி, நம்ம வீட்டுல இருக்குற முக்கால்வாசி இதுக்குள்ளயே வந்துரும்.

கதவுல இன்னும் ஒண்ணு இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது. இதே ஐஎஸ் 1200ல 15-வது பாகம், மரக்கதவுக்கு. பேனல் வச்ச கதவுன்னா ஒரு பக்கத்து அளவ 1.3ஆல பெருக்கணும், சாதா பிளஷ் கதவு, அதாவது பலகை மாதிரி தட்டையா இருக்குற கதவுன்னா 1.2. பேனல் கதவுல மேடு பள்ளம், ஓரம், சட்டம் எல்லாம் இருக்கே. அப்ப 21 சதுர அடி பேனல் கதவு ரெண்டு பக்கத்துக்கு 42 இல்ல, 54.6. பில்லுல 54னு பாத்துட்டு நிறைய பேரு ஏமாத்துறான்னு கத்துறாங்க, அது நியாயமான கணக்கு. எங்க வீட்டு பேப்பர்ல கதவு 252னு இருந்துச்சுல்ல, அது 6 பேனல் கதவு, 42 வச்சு போட்டிருந்தாரு. முறைப்படி 327 வரணும், அவரு 75 சதுர அடி விட்டுட்டாரு. அத நான்தான் எடுத்து சொன்னேன்.

இது தனி வீட்டுக்கு கட்டாய சட்டம் இல்ல, நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா செல்லும். அதனால வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே "அளவு ஐஎஸ் 1200 படி"ன்னு பேப்பர்ல ஒரு வரி எழுதிக்கோங்க, இல்லேன்னா உங்களுக்கு புரியுற மாதிரி, கதவு ஜன்னல் உள்பக்கம் கழிக்கிறோம் வெளிப்பக்கம் கழிக்கல, இப்படி எழுதுங்க. ரூம் ரூமா அளந்து நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிக்கோங்க. ஒரு மணி நேர வேல.

அடுத்தது ரேட்டு. 24 ரூபான்னா எதுக்கு 24 ரூபா? பழைய பெயிண்ட சுரண்டி எமரி பேப்பர் போட்டு தேய்க்கிறது சேந்ததா, பட்டி, அதாவது சுவத்த சமமாக்க பூசுற மாவு, ஒரு கோட்டா ரெண்டு கோட்டா, பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற பிரைமர் உண்டா, பெயிண்ட் ரெண்டு கோட்டா, சாரம் யாரு செலவு, சாமான நகத்துறது தரைய துடைக்கிறது யாரு, மெட்டீரியலோடயா லேபர் மட்டுமா. அப்புறம் ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவர் பில்லுல ஜிஎஸ்டி போட்டு வாங்க முடியாது, நம்பர் இருந்தா பில்லுல கேளுங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற இடத்துக்கு வர்றேன். பெயிண்ட் வேல எப்படின்னா ஒரு வேலைய அடுத்த வேல மூடிரும். சுரண்டினத பிரைமர் மூடிரும், பட்டிய பெயிண்ட் மூடிரும். கடைசியில நீங்க பாக்குறது மேல இருக்குற தோல மட்டும்தான், பளபளன்னு இருக்கும், ஆறு மாசம் கழிச்சு உரிஞ்சு வர்றப்ப உள்ள என்ன நடந்துச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது, வீட்டுக்காரராலயும் முடியாது, ஒழுங்கா பண்ணின பெயிண்டராலயும் முடியாது. அதனால ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் அத மூடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சுவத்த பாருங்க.

(திரையில்: கையால சுவத்த தடவுறது, ராத்திரி டார்ச்)

பழைய சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா கையால தடவிப் பாருங்க, மாவு ஒட்டுச்சுன்னா இன்னும் சுரண்டல, அது மேல பட்டி வச்சா பட்டியோட சேந்து பேந்துரும். ஒயிட் சிமென்ட் பட்டின்னா சுவத்த நனைச்சிட்டு வைக்கணும், காஞ்ச சுவத்துல வச்சா தண்ணிய சுவர் உறிஞ்சிரும், பட்டி பிடிக்காம பொடிப்பொடியா கொட்டும். பட்டி தேச்சப்புறம் ராத்திரி டார்ச்ச சுவத்துல ஒட்டுன மாதிரி சாய்ச்சு அடிங்க, மேடு பள்ளம் தெரிஞ்சிரும், அப்பவே பென்சில்ல வட்டம் போட்டு காட்டுங்க. ஆனா இந்த டார்ச் பட்டிக்கு மட்டும்தான். கடைசி கோட் முடிஞ்சப்புறம் டார்ச்ச வச்சிக்கிட்டு குறை தேடுறது அநியாயம், அப்ப பகல் வெளிச்சத்துல நாலடி தள்ளி நின்னு பாக்கணும்.

பெயிண்ட் பக்கெட்டயும் பாருங்க. ஒரு லிட்டர் ரெண்டு கோட்டுக்கு எத்தன சதுர அடி வரும், எவ்ளோ தண்ணி கலக்கலாம்னு கம்பெனியே அவங்க ஷீட்டுல போட்டிருப்பாங்க. அதுல 60 சதுர அடின்னு இருந்தா 2,870க்கு சுமார் 48 லிட்டர் ஆகணும். நாலு 20 லிட்டர் பக்கெட்டு பில்லுல வந்தா கேளுங்க. ஒரே ஒரு பக்கெட்டுல வேல முடிஞ்சிருச்சுன்னா மிச்சம்னு சந்தோஷப்படாதீங்க, அப்பதான் அதிகமா கேக்கணும், ஒண்ணு தண்ணி அதிகமா கலந்திருக்கும், இல்லேன்னா ஒரு கோட்டு அடிக்காம விட்டிருக்கும். மூடிய உங்க முன்னாடி திறக்க சொல்லுங்க, பேட்ச் நம்பர போட்டோ எடுத்துக்கோங்க. உள்ள பெயிண்டருக்கு கம்பெனி வைக்கிற டோக்கன் இருக்கும், அத எடுத்துக்கிட்டாருன்னு தப்பா நினைக்காதீங்க, அது அவருக்குன்னே வைக்கிறது. டோக்கனுக்காக நீங்க கேக்காத பெயிண்ட வாங்க வச்சா அது வேற விஷயம், அதுக்குத்தான் பெயிண்ட் பேரையும் எழுதி வைக்க சொல்றேன்.

சரி, வேல கெட்டுப் போச்சு, யாரு பொறுப்பு?

நம்ம ஊர்ல பெரிய பிரச்சன பொங்கல் பெயிண்ட். வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சுவத்த ஊற வச்சிருது, போகிக்கு முன்னாடி வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு டிசம்பர் கடைசியில எல்லாரும் பெயிண்டர பிடிச்சு அவசரப்படுத்துறோம். மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். பெயிண்ட் போட்டு மூடுனதும் அந்த ஈரம் வெளிய வர வழி தேடி கொப்புளம் கொப்புளமா தள்ளும், மாசி பங்குனியில உரியும். இதுல பெயிண்டர் மேல மட்டும் பழிய போட முடியாது. ஆனா அவருக்கு தெரிஞ்சிருக்கணும், சொல்லியிருக்கணும். நான் சொல்றது என்னன்னா, பெயிண்டர் அண்ணன்மாரே, "சுவர் ஈரமா இருக்கு, இப்ப அடிச்சா நிக்காது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டுட்டு வேல பாருங்க, அதுதான் உங்க பாதுகாப்பு. வீட்டுக்காரங்க, ஒரு அடி பாலிதீன் கவர சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க, உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா இன்னும் பொறுக்கணும். புது பூச்சுக்கும் அதே மாதிரிதான், பொதுவா 28 நாளாவது ஆறணும்.

தரையில இருந்து மூணடி உயரம் வரைக்கும் உப்பு பொரிஞ்சு வந்தா அது ஓதம், கீழ இருந்து ஏறுது, எவ்ளோ நல்ல பெயிண்ட் அடிச்சாலும் நிக்காது, பெயிண்டர் வேல இல்ல அது. பட்டி கொட்டுறது, ரோலர் கோடு, டச் அப் பண்ணின இடம் திட்டு திட்டா தெரியுறது இதெல்லாம் பெரும்பாலும் அவரு பக்கம்.

பணம் குடுக்குற விஷயத்துல ஒண்ணே ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, சனிக்கிழமை. கான்ட்ராக்டர் தன் ஆளுங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் கூலி குடுத்தாகணும். நீங்க அன்னைக்கு "திங்கக்கிழமை பாக்கலாம்"னா திங்கக்கிழமை ஆள் வேற சைட்டுக்கு போயிரும், உங்க வீடு பாதியில நிக்கும், நீங்க ஏமாத்திட்டான்னு சொல்வீங்க. அதுக்காக மொத்தமா அட்வான்ஸ் குடுத்துராதீங்க. ஆரம்பிக்க கொஞ்சம், பட்டி பாத்து சரின்னதும் கொஞ்சம், முதல் கோட் முடிஞ்சதும் கொஞ்சம், கடைசி 10 சதவீதம் ரெண்டு பேரும் சேந்து சுத்திப் பாத்து லிஸ்ட் போட்டு அத சரி பண்ணினதும். அந்த லிஸ்ட் ஒரு தடவதான் போடணும், நாளைக்கு ஒண்ணு நாளான்னைக்கு ஒண்ணுன்னு நீட்டக் கூடாது, எங்க அப்பாவோட பாக்கியெல்லாம் போனது அப்படித்தான்.

பேசி தீரலன்னா? வீட்டுக்காரருக்கு 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், பிரச்சன வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல. ஆனா நீங்களே பெயிண்ட் வாங்கி, நீங்களே நின்னு வேல வாங்கி, ஆளுக்கு தினக்கூலி குடுத்திருந்தீங்கன்னா அது அங்க நிக்குறது கஷ்டம், அந்த சட்டம் தனிப்பட்ட பணியாளா வச்சு வாங்குற வேலைய சேத்துக்கல. பாக்கி வராத பெயிண்டருக்கு நுகர்வோர் ஆணையம் கிடையாது, சிவில் கோர்ட்தான், வேல முடிஞ்சதுல இருந்து பொதுவா 3 வருஷம் டைம் இருக்கு. வக்கீலுக்கு காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கு அடிங்க, லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பேசி முடிக்கவும் வழி இருக்கு. அப்பாவுக்கு அந்த காலத்துல இத யாரும் சொல்லல.

எங்க வீட்டு கணக்கு எப்படி முடிஞ்சுதுன்னா, அந்த அண்ணன திரும்ப வர சொல்லி டேப்போட ஒரு முனைய அவரு கையில குடுத்தேன். ரூம் ரூமா சேந்து அளந்தோம், 2,870ன்னு ஒத்துக்கிட்டாரு, கதவுக்கு 75 கூட சேத்தோம், அன்னைக்கே பணம் குடுத்தாச்சு. போறப்ப மிச்சம் இருந்த ஒரு லிட்டர் பெயிண்ட நல்லா மூடி, மேல ஷேடு நம்பரும் ரூம் பேரும் தேதியும் மார்க்கர்ல எழுதி குடுத்துட்டு போனாரு. நீங்களும் அத கேட்டு வாங்கி வைங்க, நாளைக்கு டச் அப்புக்கு வேற பேட்ச்ல வாங்கினா ஷேடு ஒட்டாது.