நட்ட பிறகு யார் பார்ப்பது?

வணக்கம் நேயர்களே.

இலங்கையின் வடக்கில் கார்த்திகை மரநடுகை மாதம். மழை தொடங்கியதும் பாடசாலைகள், கோயில்கள், சனசமூக நிலையங்கள் எல்லாம் கன்றுகளோடு புறப்பட்டுவிடும். பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும். நான் இன்று பேச வந்தது அதற்கு ஆறு மாதம் பிந்திய வைகாசியைப் பற்றி. சோளகம் எழும்பிப் புழுதி பறக்கும் அந்த நாட்களில் கார்த்திகைக் கன்றுகளில் எத்தனை உயிரோடு நிற்கின்றன?

இலங்கையில் 23 இடங்களில் நடந்த, கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது 3 இடங்களில்தான். தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தைப் பார்க்காமல் நட்டிருந்தார்கள், மாடுகள் மிதித்திருந்தன, நட்டதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கண்டலுக்குச் சொன்ன இந்தக் கதை வேம்புக்கும் நாவலுக்கும் அப்படியே பொருந்தும்.

யாழ் குடாநாட்டில் காடு எங்கே என்று சிலர் கேட்பார்கள். வன்னியில் இருப்பது போலப் பாலையும் முதிரையும் நிறைந்த பெருங்காடு இங்கே இல்லைத்தான். எங்களிடம் இருப்பவை சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு பனங்கூடல், கோயிலுக்குப் பின்னால் இலுப்பையும் நாவலும் நிற்கும் தோப்பு, குளக்கரையில் ஈச்சம்பற்றை, சரசாலை குருவிக்காடு போல நீரேரியோரக் கண்டல். செண்பகம், புலுனி போன்ற பறவைகளும் உடும்பும் கீரியும் மரநாயும் இந்தத் துண்டுகளை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு துண்டு அழிந்தால் அடுத்த துண்டுக்குப் போக நடுவில் மதிலும் தார் வீதியும்.

தென்மராட்சியில் எங்கள் ஊர்க் கோயில் காணியோடு ஒட்டிய ஒரு பனங்கூடலை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்து வருகிறோம். தோட்டக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் என்று கலந்த கூட்டம். தொடங்கிய வருடம் நாங்கள் ஒன்றுமே நடவில்லை. நெருப்பு வைப்பதை நிறுத்தினோம். அவ்வளவுதான். இளம் பனைகளான வடலிக்குள் புல்லைக் கொளுத்தித் துப்புரவாக்குவது எங்கள் ஊர்களில் பழகிப்போன வேலை. அந்த நெருப்பில் எரிவது புல் மட்டும் அல்ல. பறவையும் வௌவாலும் மரநாயும் போட்ட விதைகளும், முளைத்து வந்த கன்றுகளும் சேர்ந்தே கருகும். நெருப்பு நின்றதும் அடுத்த மாரியில் பனைகளின் அடியில் வேம்பும் ஈச்சையும் நாவலும் தாமாக எழும்பின. நாங்கள் வாங்கி நட்டிருந்தால் அப்படி வந்திருக்காது. தானாக முளைத்தது தனக்குப் பிடித்த இடத்தில்தான் முளைக்கும்.

பற்றையை வெட்டித் தள்ளி, நடைபாதை போட்டு, வரிசையாக மரம் வைத்தால் பூங்கா கிடைக்கும். உடும்புக்குப் பற்றை வேண்டும். புலுனிக்கு நிலத்தில் சருகு வேண்டும். பட்டுப்போன மொட்டைப்பனையை விறகுக்குத் தறிக்காமல் விட்டால் கிளியும் மைனாவும் அதன் பொந்தில் குஞ்சு பொரிக்கும். காய்ந்து தொங்கும் காவோலையும் அப்படித்தான். பனை உழவாரன் என்று ஒரு சிறு பறவை. தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். ஓலை வெட்டுபவர்களிடம் நாங்கள் பேசி, ஒவ்வொரு பனையிலும் சில காவோலைகளை விட்டு வெட்டக் கேட்டோம். மறுக்காமல் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எங்களைவிடப் பனை தெரியும்.

ஆடுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. வேலி அடைக்கப் போனபோது ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர் வந்து நின்று, "தம்பி, அப்ப என்ர ஆடு எங்க மேயிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காய்ந்த கிளைகளான அலம்பலை மட்டும் வைத்து அடைக்காமல், எல்லை முழுதும் சீமைக்கிளுவையும் பூவரசும் கதியாலாகப் போட்டோம். வேலி துளிர்த்ததும் குழை வெட்டும் உரிமை அவருக்கும் அயலவருக்கும். இப்போது வேலியில் பொத்தல் விழுந்தால் எங்களுக்கு முதலில் சொல்வது அவர்தான். அயல்ச்சனத்துக்குப் பயன் இல்லாத காட்டை எந்தச் சங்கமும் நெடுநாள் காக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் பார்த்தீனியம். இலங்கையில் 1999இல் வவுனியாவில் பதிவான களை, இன்று எங்கள் வீதியோரமெல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும், மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது. வெறுங்கையால் தொட்டால் பலருக்குத் தோல் கடிக்கும். இழுப்பு உள்ளவர்கள் அந்த வேலைக்கு வரவே வேண்டாம். ஒரு சிரமதானத்தோடு முடிகிற வேலை இல்லை இது. மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் முளைத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அதற்குள் உப்புத்தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கொட்டுகிற மழை ஓடிக் கடலுக்குப் போகாமல் கொஞ்சம் நின்று இறங்கச் சருகும் வேரும் உதவுகின்றன. கிணறு உவராகிப்போன ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு துண்டு இருந்தால் முதலில் காணி யாருடையது என்று பாருங்கள். கோயில் காணி என்றால் பரிபாலன சபையிடமும் அரச காணி என்றால் பிரதேச செயலகத்திலும் பேசி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாதி வேலை நடந்த பிறகு தடை வந்தால் பிள்ளைகள் மனம் விட்டுப்போவார்கள். இன்னொன்று. நெடுங்காலம் ஆள் புழங்காத பற்றைக்குள் போகுமுன், அங்கே கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கட்டாயம் கேளுங்கள். மண்வெட்டியில் இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடவேண்டாம். எல்லோரையும் வந்த வழியே வெளியே எடுத்து, பொலிசுக்கு அறிவியுங்கள். மாணவர்களைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் இதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நன்றி. வணக்கம்.