கட்டிலும் ஒரு காரணம்

அவையோருக்கு வணக்கம். மூச்சுத்திணறலோடு நடந்து வந்த ஒருவர், மூச்சு சரியாகி, வீல்சேரில் வீடு திரும்புகிறார். ரிப்போர்ட் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கழிவறைக்குப் போக மட்டும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். "நோய் அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பழியில் கட்டிலுக்கும் பங்கு உண்டு.

ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ கொழுப்பற்ற திசு கரைந்திருந்தது. இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்குக் கையிருப்பே குறைவு.

அட்மிஷன் அன்றே கேளுங்கள்: "இரண்டு வாரத்துக்கு முன்னால் இவர் தானாக என்னென்ன செய்தார்?" அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் அளவுகோலில் 10 வேலைகள், மொத்தம் 100 புள்ளி. இன்றைய புள்ளியோடு அன்றைய புள்ளியையும் குறித்தால்தான் இழந்தது எவ்வளவு என்று தெரியும். 100 வாங்கியவரும் தனியாக வாழ்வார் என்று நம்பிவிடாதீர்கள். சமையல் அதில் இல்லை.

இனி எழுப்புவது. முதலில் கட்டில் சக்கரத்தின் பிரேக். கட்டிலைத் தாழ்த்துங்கள், உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். ஒருக்களிக்கச் சொல்லி, காலைக் கீழே இறக்கி, கையூன்றி உட்கார வையுங்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 இறங்கினால் உடனே உட்கார வைத்துவிட்டு, மாத்திரைச் சீட்டைப் பாருங்கள், நீர்ச்சத்தைப் பாருங்கள். நெடுநாள் சர்க்கரை நோயில் நரம்பு கெட்டிருந்தாலும் இப்படி ஆகும். நிற்பதற்கு முன் குதிகாலைச் சற்று உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயட்டும். பின்னால் சாய்ந்தபடி எழ முயல்வதால்தான் பலர் பொத்தென்று விழுகிறார்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் மூட்டு நழுவிவிடும். கைத்தடி நல்ல காலின் பக்கம், கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில்.

சிறுநீர்க் குழாய் கட்டிலோடு கட்டிய கயிறு மாதிரி. இன்னும் தேவையா என்று தினம் காலையில் கேளுங்கள். நர்ஸுக்கு வசதி என்பது ஒரு காரணமே அல்ல.

எழவே முடியாதவருக்குக் கணுக்கால் செங்கோணத்தில் இருக்கட்டும். பாதம் கீழ்நோக்கி விறைத்துவிட்டால் பிறகு குதிகால் தரையில் படாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் பாருங்கள். தினமும் அதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். உணர்ச்சி போன காலில் புண் வந்தாலும் அவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்.