அரைக் கிலோ மைதாவும் அடைமழை விடுமுறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழகத்துக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதியை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே கொடுத்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்களில், குறிப்பாகக் கடலோர மாவட்டங்களில், மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்புக்காகப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே விழித்துக் காத்திருப்பதும், அறிவிப்பு வந்த மகிழ்ச்சி பத்து மணிக்குள் தீர்ந்துபோய் "அம்மா, போரடிக்குது" என்று அடுப்படிக்கு வந்து நிற்பதும் எல்லா வீடுகளிலும் நடப்பவைதாம். அப்படி வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு, வெளியே போய் எதையும் வாங்கி வராமல், வீட்டில் இருப்பதைக் கொண்டே என்ன வேலை கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் முதல் சரக்கு அரைக் கிலோ மைதா. 240 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு கப்பில் ஏறத்தாழ 125 கிராம் மைதா பிடிக்கும். கேக்குக்கு ஒன்றரை கப், நெய் பிஸ்கட்டுக்கு ஒரு கப், பொம்மை செய்யும் மாவுக்கு ஒரு கப், காகிதம் ஒட்டும் பசைக்குக் கால் கப் என்று பிரித்தால் மூன்றே முக்கால் கப் ஆகிறது. பொட்டலத்தின் அடியில் தங்கும் மிச்சம், கேக் பாத்திரத்தில் எண்ணெய் தடவித் தூவுவதற்குச் சரியாக இருக்கும். தின்பண்டத்தையும் கைவேலையையும் தனித்தனியே எண்ணாமல் ஒரே பொட்டலத்தில் சேர்த்துத் திட்டமிடுவதால் ஒரு வசதி உண்டு. கேக் வேகும் முக்கால் மணி நேரம் பிள்ளைகளின் பொறுமையை மிகவும் சோதிக்கும் நேரம். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை இருந்தால், மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லி யாரும் நச்சரிக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த வேலைகளுக்கான செய்முறைகளில் பெரும்பாலானவை, காற்று உலர்ந்திருக்கும், மின்சாரம் நிற்காது என்ற எண்ணத்திலேயே எழுதப்படுகின்றன. நாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாள்களோ ஆண்டிலேயே ஈரம் மிகுந்த நாள்கள். மின்சாரமும் அந்த நாள்களில்தான் நம்மைக் கைவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனவே, மின்சார அடுப்பை நம்பாமல் எரிவாயு அடுப்பிலேயே வேகவைப்பது, காய்வதற்கு அதிக நேரம் பிடிக்கும் வேலையை முதலில் தொடங்குவது, மொறுமொறுப்பாக இருக்க வேண்டியதைக் கடைசியாகச் செய்து உடனே மூடிவைப்பது என்ற ஒழுங்கை மனத்தில் கொண்டால், மழை நாளிலும் வேலை கெடாது.

ஆகவே காலையில் முதலில் தொடங்க வேண்டியது காகித வேலை. கால் கப் மைதாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால், வெள்ளை நிறம் மங்கிப் பளபளப்பு வரும்போது பசை தயார். சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் பைண்டு செய்பவர்களும் பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக இந்தப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் வீட்டில், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. மழைக்காலத்தில் பசை விரைவில் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், அன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

இனி, பழைய செய்தித்தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மேலிருந்து கீழாகக் கிழித்தால் தாள் ஏறக்குறைய நேர்கோட்டில் பட்டை பட்டையாக வரும். இடமிருந்து வலமாகக் கிழித்தால் கோணல் மாணலாக எங்கோ ஓடும். ஆலையில் காகிதம் ஓடிவரும் திசையிலேயே அதன் இழைகள் பெரும்பாலும் படிந்துவிடுவதுதான் காரணம். இதை முன்கூட்டியே சொல்லிவிடாமல், இரண்டு விதமாகவும் கிழிக்கவிட்டு அவர்களையே கண்டுபிடிக்கச் செய்யலாம். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்துப் போர்த்தி, பசையில் நனைத்த பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டே போனால் காகிதக் கிண்ணம் உருவாகும். வெயில் நாளில் நான்கைந்து அடுக்கை ஒரேயடியாக ஒட்டிவிடலாம். மழை நாளில் அப்படிச் செய்தால் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஊறி நாற்றமெடுக்கும். இரண்டு அடுக்கு ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் அடுத்த இரண்டு அடுக்கை ஒட்டுவதே முறை. மூன்று நாள் விடுமுறை என்றால் மூன்றாம் நாள் வண்ணம் பூசலாம்.

கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுப்புக்கு வருவோம். அடி கனத்த பழைய இரும்புச் சட்டியோ பாத்திரமோ, அதை இறுக மூடும் ஒரு மூடியோடு இருந்தால் போதும். பிரஷர் குக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் குக்கரைச் சூடாக்குவது அதற்கு நல்லதல்ல என்பதால், புதுக் குக்கரை இதில் பாழாக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் இந்த வேலைக்கு அறவே வேண்டாம். சட்டியின் அடியில் அரை அங்குல உயரத்துக்கு உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். மணலைப் பரப்பும் பழக்கமும் உண்டு. ஆனால் அடைமழையில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? கல் உப்பாக இருந்தால் முதல் சில நிமிடங்கள் படபடவென்று வெடிக்கும். உப்புக் கல்லுக்குள் சிறைப்பட்டிருக்கும் துளி நீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. சத்தம் அடங்கிய பிறகு கேக் பாத்திரத்தை உள்ளே வைப்பதுதான் பத்திரம். சாரல் அடிக்கிறது என்று சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு இவ்வளவு நேரம் அடுப்பெரிப்பது சரியல்ல. ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும்.

கேக்குக்கு முட்டை தேவையில்லை. புளிக்காத தயிர் ஒரு கப்பில் முக்கால் கப் சர்க்கரையைப் போட்டுக் கரையும் வரை கலக்கி, அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால், தயிர் நுரைத்துப் பொங்கி மேலே எழும். தயிரில் இயல்பாகவே உள்ள அமிலமும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்குவதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது என்பதால், கலக்குவதற்குக் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வாசனையில்லாத எண்ணெய் அரை கப், ஏலக்காயோ வெனிலா எசென்ஸோ கொஞ்சம், கடைசியாகச் சலித்த மைதா ஒன்றரை கப். மைதா சேர்த்தபின் பிள்ளைகள் ஆர்வத்தில் அடித்துக் கலக்குவார்கள். அதை மட்டும் தடுத்துவிடுங்கள். பரோட்டா மாவில் நாம் பாடுபட்டு வரவழைக்கும் அந்த இழுவை, கேக்கில் வந்துவிட்டால் கேக் ரப்பராகிவிடும். மாவு மறைந்தால் போதும், கலக்குவதை நிறுத்திவிடலாம். நுரை அடங்குமுன், சூடேறியிருக்கும் சட்டிக்குள் வைத்துத் தீயைக் குறைத்து, குறைந்தது இருபத்தைந்து நிமிடமாவது மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆனதும், கழுவித் துடைத்த தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தி எடுத்தால், மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம்.

பாத்திரத்தின் அடியில் போட பட்டர் பேப்பர் இல்லை என்று செய்தித்தாளை வெட்டிப் போடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் உணவில் கலக்கும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியது. எண்ணெயும் சூடும் சேரும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. எண்ணெய் தடவி மைதா தூவுவதே போதும்.

கேக்கை இறக்கியதும் அடுப்பை அணைக்காதீர்கள். உப்பு சூடாக இருக்கும்போதே நெய் பிஸ்கட்டை வைத்துவிட்டால் எரிவாயுவும் மிச்சம். சூரத் நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் நான்கத்தாய்தான் நம் ஊரில் நெய் பிஸ்கட் என்ற பெயரில் புழங்குகிறது. மழைக்காலக் குளிரில் நெய் தானாகவே உறைந்து மணல் மணலாக இருக்கும். அதை உருக்காமல், அரை கப் நெய்யை அரை கப் பொடித்த சர்க்கரையோடு வெளுத்து வரும் வரை குழைத்து, ஒரு கப் மைதாவும் ஒரு சிட்டிகை சோடாவும் ஏலப்பொடியும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் பிசைந்தால், உருட்டும் பதம் வந்துவிடும். உருக்கிய நெய்யில் பிசைந்தால் சூட்டில் பரவித் தட்டையாகிவிடும். எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கிச் சிறு தீயில் வைத்தால் பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமாகும். நடுவில் ஒருமுறை மூடியின் உட்புறத்தில் படிந்த நீரைத் துடைத்துவிடுங்கள். வெளியே எடுக்கும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மீண்டும் வைத்தால் கருகிவிடும். ஆறினால் தானே இறுகும். ஆறுமுன் டப்பாவில் அடைத்தால் ஆவியில் நமுத்துப்போகும். ஆறிய பிறகும் வெளியே வைத்தால் காற்றின் ஈரத்தில் நமுத்துப்போகும். ஆகவே, கை பொறுக்கும் சூடும் போய்விட்ட உடனே இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

தூத்துக்குடி மக்ரூன் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே பொருள்கள்தாம் என்பதால் எளிது என்று தோன்றும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சர்க்கரை நுரையே அதன் உடல். அடைமழை நாளில் அதைத் தொடங்க வேண்டாம், பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பொம்மை மாவு. ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைக் கரைத்துச் சிறு தீயில் கிளறினால், பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் வழவழப்பான மாவு கிடைக்கும். உப்பு மிக அதிகம் என்பதால் சிறு குழந்தைகளும் நாய்க்குட்டிகளும் இதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நிறமேற்றும் வேலையில்தான் எனக்கு மிகுந்த ஈடுபாடு. ஓர் உருண்டையில் மஞ்சள்தூளைப் பிசைந்தால் பளிச்சென்ற மஞ்சள் வரும். அதில் பாதியை எடுத்து, சில சொட்டுத் தண்ணீரில் கரைத்த சமையல் சோடாவைச் சேர்த்துப் பிசைந்தால் செம்பழுப்பாக மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தட்டில் சிவப்பது இதே காரணத்தால்தான். காரத்தன்மை பட்டால் மஞ்சளின் நிறம் சிவப்பை நோக்கிப் போகும். அந்தச் சிவந்த மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சிறிது நுரைத்துவிட்டு மறுபடி மஞ்சளாகிவிடும். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவும்போது உள்ளங்கை சிவப்பதையும் பிள்ளைகள் விடாமல் கவனிப்பார்கள். நீலத்துக்குச் சங்குப்பூவும், இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் சாறும் இருக்கின்றன.

இந்த மாவில் யானையும் பூனையும் செய்வதோடு நின்றுவிடாமல், ஒரு தலையாட்டி பொம்மையும் செய்து பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் அது எழுந்து நிற்பதற்குக் காரணம், உருண்டையான அடிப்பாகம் கனமாகவும் மேல்பாகம் இலேசாகவும் இருப்பதுதான். முட்டையின் கூரிய முனையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, ஓட்டைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, ஒரு சிறு கூழாங்கல்லைப் பொதிந்த பொம்மை மாவை உள்ளே போட்டு அடியோடு அழுத்தி ஒட்ட வேண்டும். முட்டை புழங்காத வீட்டில் உடைந்த பிளாஸ்டிக் பந்தின் பாதி போதும். கல் சரியாக நடுவில் இல்லையென்றால் பொம்மை ஒருபக்கமாகச் சாய்ந்தே நிற்கும். மாவு இறுகுமுன் அதைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்வதில் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது. பிறகு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, காலையில் காய்ச்சிய பசையாலேயே மேலே ஒட்டி, முகம் வரையலாம். கூம்பு உயரமாகிவிட்டால் பொம்மை விழுந்துவிடும். எவ்வளவு உயரம் வரை எழுந்து நிற்கிறது என்று வெட்டி வெட்டிப் பார்ப்பதும் இந்த விளையாட்டில் சேர்ந்ததே.

சற்றுப் பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில், மருந்தை நீக்கிய தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் கொடுத்துப் பாருங்கள். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தா இவற்றைக் கொண்டே பிள்ளைகளுக்கு வடிவியலைக் காட்டியவர். மூன்று குச்சிகளை இணைத்த முக்கோணம் அசையாமல் நிற்கும், நான்கு குச்சிகளை இணைத்த சதுரமோ தொட்டதும் சாயும். இரும்புப் பாலத்திலும் மின்கம்பக் கோபுரத்திலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்று அதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

மிஞ்சிய பொம்மை மாவை இறுக மூடும் டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும். கரும்புள்ளி கண்டால் எறிந்துவிடுங்கள். சட்டியில் இருந்த உப்பு முழுவதும் ஆறியதும், சட்டி துருப்பிடிக்காமல் இருக்க, உடனே அதை ஒரு சீசாவில் கொட்டி, சமையலுக்கு ஆகாது என்று சீட்டு ஒட்டி வையுங்கள். அடுத்த புயல் விடுமுறைக்கு அதே உப்பு போதும்.

வணக்கம்.