வழி சொல்லும் ஆங்கிலம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் கற்கும் ஒருவரிடம் தெருவில் யாரேனும் வழி கேட்டால் அவர் திணறிப்போவதற்குச் சொற்கள் போதாமைதான் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இதற்கு வேண்டிய ஆங்கிலம் மிகக் கொஞ்சமே. 'கோ', 'வாக்', 'டர்ன்', 'டேக்', 'கிராஸ்' என்னும் ஐந்து வினைகளும், இடத்தைக் காட்டும் சில சிறு சொற்களும் இருந்தால் பெரும்பாலான வழிகளைச் சொல்லிவிடலாம். முழு வழியையும் ஒரே நீண்ட வாக்கியத்தில் இறக்கிவைக்க முயல்வதால்தான் நாக்கு தடுமாறுகிறது. ஒரு திருப்பத்துக்கு ஒரு வாக்கியம் போதும். வினைச்சொல்லை முதலில் வைத்து 'டர்ன் லெஃப்ட்' என்று சொல்வது கட்டளைபோல ஒலிக்குமோ என்று கற்பவர்கள் தயங்குவதுண்டு. வழி சொல்லும்போது ஆங்கிலத்தில் அதுவே இயல்பு, அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நடப்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது தெளிவாகாதவரை இடமும் வலமும் பொருளற்றவை. ஆகவே, 'கோ அவுட் ஆஃப் த ஸ்டேஷன் அண்ட் டர்ன் லெஃப்ட்' என்பதுபோல, அவர் புறப்படும் நிலையை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடுத்து, 'டேக் த செகண்ட் லெஃப்ட்' என்பது இலக்கணப்படி சரியான வாக்கியமே என்றாலும், இடையில் வரும் குறுகிய சந்துகளையும் கணக்கில் சேர்ப்பதா என்ற ஐயத்தை அது நடப்பவர் தலையில் கட்டிவிடுகிறது. அதைவிட, 'டர்ன் லெஃப்ட் அட் த பேங்க்' என்று திருப்பத்திலேயே கண்ணில் படும் கட்டடத்தைச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

சிறு சொற்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'வாக் டு த ஸ்கூல்' என்றால் பள்ளிக்கூடம் வரை போகவேண்டும். 'வாக் பாஸ்ட் த ஸ்கூல்' என்றால் அதைக் கடந்தும் நடக்கவேண்டும். 'டர்ன் லெஃப்ட்' என்பது திரும்பச் சொல்கிறது. 'இட்ஸ் ஆன் த லெஃப்ட்' என்பதோ, நேரே நடந்தபடியே இடப்பக்கம் பார்த்தால் அந்த இடம் தெரியும் என்கிறது. இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால், நேராகப் போகவேண்டியவர் வேறொரு தெருவுக்குள் நுழைந்துவிடுவார்.

தொலைவை நடைநேரத்தால் சொல்லலாம். அமெரிக்காவில் 'டூ பிளாக்ஸ்' என்று தெருக்கட்டங்களை எண்ணிச் சொல்வதும் பொதுவான வழக்கம்.

கற்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இஃப் யூ கெட் டு த பிரிட்ஜ், யூ ஹேவ் கான் டூ ஃபார்.' பாலம் வந்துவிட்டால் இடத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்னும் இந்த எச்சரிக்கை, வழி தவறியவர் தாமாகவே திரும்பிவர உதவுகிறது. திருப்பங்கள் மூன்று நான்குக்கு மேல் போனால் பாதி வழியை மட்டும் சொல்லி, அங்கே வேறொருவரைக் கேட்கச் சொல்வதே மேல்.

இறுதியில், கேட்டவரை வழியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் 'லெஃப்ட்?' என்று கேட்கும்போது, சரி என்னும் பொருளில் 'ரைட்' என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். 'யெஸ், லெஃப்ட்' என்று சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.